ஞாயிற்றின் ஒளிக்கு இடந்தருவோம்

வெள்ளவத்தையிலே காலி வீதிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள ஒழுங்கைகளுள் எதிலேனும் நின்று அண்ணாந்து நோக்குவோமாயின், நெருங்கி எழுந்து நிற்கும் தொடர்மாடிக் கட்டிடங்களின் உச்சியிலே தண்ணீர்த் தொட்டிகள் வரிசையாக வீற்றிருப்பதைக் காண்போம். அத்தொட்டிகளை அங்கே வைப்பது பற்றி எந்தக் கட்டிடத்திலேனும் பிணக்கு நிகழ்ந்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை. குழாயில் நீர் வரும்போது நிலத்தடித் தொட்டியிற் சேர்த்து, பின்னர் மேலே ஏற்றி, வேண்டும்பொழுது இறக்கிப் பயன்படுத்துதல் நகர வாழ்க்கைக்கு இன்றியமையாத ஒழுங்கென யாவரும் ஒப்புக்கொண்டுள்ளனர். நீருக்கு இடங்கண்ட நாம், அதே கூரையின்மீது நாள்தோறும் பொழியும் ஞாயிற்றின் ஒளிக்கும், அவ்வொளியாற் பெறும் மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் மின்கலத்துக்கும் இடங்காணாதிருப்பது ஏன்? இவ்விழா மலரிலே நாம் எழுப்ப விரும்பும் வினா இதுவேயாகும்.

விழா மலர்களிலே கல்லூரியின் பழம்பெருமையைப் போற்றுதல் மரபு. அம்மரபை நாம் குறை கூறவில்லை. ஆயினும் இம்மலரைக் கையில் எடுக்கும் பழைய மாணவர்களுட் பலர் வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் தெகிவளையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழ்பவர்கள். அவர்களுட் சிலர் தத்தம் தொடர்மாடியின் முகாமைக் குழுவிலும், சிலர் கோயில்களின் அறங்காவலர் சபைகளிலும், சிலர் நமது சங்கத்தின் செயற்குழுவிலும் பொறுப்பு வகிக்கின்றனர். கொழும்பிலே தமிழ் மக்கள் பொதுவில் ஆளும் கூரைகளின் திறவுகோல்கள் பெரும்பாலும் இவர்கள் கையிலேயே உள்ளன. ஆதலால் இவ்விடயத்தைப் பேசுதற்கு இதனினும் பொருத்தமான இடம் வேறில்லை எனக் கருதுகின்றோம்.

2022ஆம் ஆண்டின் முற்பகுதியை எவரும் மறந்திருக்க மாட்டார். அந்நியச் செலாவணி வற்றி, எரிபொருள் வாங்க வழியின்றி நாடு தவித்தபோது, மார்ச்சு மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நடைமுறைக்கு வந்தது. தனி வீட்டில் வாழ்பவருக்கு அது இருளும் வெக்கையுமாக வந்தது. தொடர்மாடியில் வாழ்பவருக்கோ அதற்கு மேலும் இரண்டு துன்பங்கள் சேர்ந்தன. லிப்ற் நின்றது, நீரேற்றும் பம்பி நின்றது. கட்டிடங்களின் கீழே மின்பிறப்பாக்கி இருந்தும், அதற்கு வேண்டிய டீசலைப் பெறுவதற்கு எரிபொருள் நிலையத்தில் நெடுநேரம் காத்துக் கிடக்க வேண்டியதாயிற்று. நாம் வாழும் கட்டிடத்தின் ஐந்தாம் மாடியிலே, நம்மிற் பலருக்கு எழுத்தறிவித்த முதிய ஆசிரியர் ஒருவர் அப்பொழுது வாழ்ந்தார். முழங்கால் நோயால் வருந்திய அவர், மின்சாரம் எப்பொழுது வரும், எப்பொழுது போகும் என்று அறியாமல், ஏறக்குறைய ஒரு மாத காலம் கீழே இறங்கவேயில்லை. இளைஞர்கள் வாளியிலே தண்ணீர் சுமந்து சென்று அவருக்குக் கொடுத்தனர். ஒருநாள் மாலை மூச்சுத் திணறல் ஏற்பட்டபோது, நாற்காலியில் அமர்த்தி நால்வர் கைத்தாங்கலாகப் படிவழியே இறக்கினோம். அவர் பிழைத்துக்கொண்டார். அன்று முற்பகல் முழுவதும் நமது மொட்டைமாடியிலே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது என்பதை நாம் பின்னரே எண்ணிப் பார்த்தோம்.

இலங்கையிலே கூரைமேற் சூரிய மின்சாரம் புதுமையன்று. வீட்டிற் பிறந்த மின்சாரத்தைப் பொதுக் கம்பிக்குக் கொடுத்துக் கணக்கிற் கழித்துக்கொள்ளும் நிகர அளவீட்டு முறை ஏறத்தாழ 2010ஆம் ஆண்டளவில் வந்தது. 2016ஆம் ஆண்டிலே அரசு தொடங்கிய இயக்கம், மேலதிக மின்சாரத்துக்கு முதல் ஏழாண்டுகளுக்கு அலகொன்றுக்கு 22 ரூபா விலையும் வகுத்தது. அதன்பின் சொந்த நிலமும் சொந்தக் கூரையும் உடையோர் பலர் சூரியப் படல்களை நிறுவி, மின்கட்டணம் செலுத்துவோர் என்னும் நிலையிலிருந்து மின்சாரம் விற்போர் என்னும் நிலைக்கு உயர்ந்தனர். 2025ஆம் ஆண்டளவில் நாடெங்கும் கூரைமேல் நிறுவப்பட்ட ஆற்றல் ஆயிரம் மெகாவாற்றைத் தாண்டிவிட்டது. ஆனால் இந்நன்மை சென்றடைந்தவர் யாவர்? கூரையைத் தனியே உடையவர். பொதுக் கூரையின்கீழ் வாழும் தொடர்மாடி மக்களும், வாடகை வீட்டில் வாழ்பவரும், கொட்டாஞ்சேனையிலே சுவரோடு சுவர் சேர்ந்த பழைய வீடுகளில் வாழ்பவரும் இன்னும் வெளியிலேயே நிற்கின்றனர். இடமில்லாதவனுக்கு இன்னும் வெயிலும் இல்லையென்பது போன்றது இந்நிலை.

இனி, படலுக்கு மாத்திரம் இடந்தேடினாற் போதுமோ எனின், போதாது. 2025ஆம் ஆண்டு நிகழ்ந்த இரண்டு நிகழ்ச்சிகள் அதனை உணர்த்தின. பெப்ரவரி 9ஆந் திகதி ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், பாணந்துறை உபமின்நிலையத்திலே குரங்கொன்று உபகரணத்தில் தொட்டதால் நேர்ந்த பழுது நாடு முழுவதையும் இருளில் ஆழ்த்தியது. குரங்கைக் குறித்து நகைத்தவர் பலர். ஆயினும் விடுமுறை நாளாதலாற் தேவை குறைந்தும், வெயிலால் வந்த மின்சாரம் மிகுந்தும் இருந்த வேளையிலே, கம்பித்தொகுதி சிறிய அதிர்ச்சியையும் தாங்கும் வலிமையற்று இருந்ததென்பதை மின்சார சபையே எடுத்துக் கூறியது. பெரிய நீர்ச்சுழலிகளும் நீராவிச் சுழலிகளும் தம் பாரத்தாற் சுழன்றுகொண்டிருக்கையில் ஒரு கணத் தடுமாற்றத்தை ஏற்றுக்கொள்ளும். சூரியப் படலுக்கு அத்தகைய சுழலும் பாரம் இல்லை. அடுத்து, ஏப்பிரல் மாதத்திலே புத்தாண்டு விடுமுறையின்போது, கூரைமேற் சூரிய மின்சாரம் உடையவர்கள் பிற்பகல் 3 மணி வரை தம் தொகுதிகளை விருப்பத்துடன் நிறுத்திவைக்குமாறு சபை வேண்டிக்கொண்டது. பகலிலே வேண்டாமென்று தள்ளிய அதே நாட்களில், மாலை ஆறரை மணி தொடக்கம் பத்தரை மணி வரையான உச்ச வேளைக்கு எண்ணெயை எரிக்க வேண்டியிருந்தது. கொட்டாஞ்சேனைக்கு அயலே களனிக் கரையிலுள்ள களனிதிஸ்ஸ போன்ற நிலையங்கள் உண்ணும் எண்ணெய் அனைத்தும் பிறநாட்டிலிருந்து வருவது.

மழைக்காலத்து நீரைக் கடலுக்கு விட்டுவிட்டுக் கோடையிலே நீரில்லையென்று அழுபவனை நம் முன்னோர் அறிவுடையவனென்று கூறியிரார். வன்னியிலே குளங்கட்டி வாழ்ந்த மரபு நம்முடையது. குளமென்பது மாரியைக் கோடைக்குக் கொண்டுசெல்லும் கருவி. மின்கலமென்பது நண்பகலை இரவுக்குக் கொண்டுசெல்லும் கருவி. மலைநாட்டிலே காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்கள் செய்யும் தொழிலும் இதுவே. நீர்மின்சாரத்தின் வரலாற்றையே எடுத்துக்கொள்வோம். பொறியியலாளர் விமலசுரேந்திர அவர்கள் இலங்கையின் நீர்வலிமையை மின்சாரமாக்கலாமென்று 1918ஆம் ஆண்டிலேயே பொறியியற் சங்கத்தில் எடுத்துரைத்தார். லக்சபானவின் மின்சாரம் எரியத் தொடங்கியதோ 1950ஆம் ஆண்டில். இடையிற் கழிந்தவை 32 ஆண்டுகள். மலையும் நீரும் அறிவும் அன்றே இருந்தன. ஒருமித்த துணிவு பிந்தி வந்தது. நம் கூரைகளிலும் அத்தகைய 32 ஆண்டுகள் கழிய வேண்டுமா?

இடம் உண்டா, இல்லையா என்பதைக் கணக்கிட்டே பார்ப்போம். இக்காலத்துச் சூரியப் படலொன்று ஏறத்தாழ ஏழரை அடி நீளமும் மூன்றேமுக்கால் அடி அகலமும் உடையது. நிறை 28 கிலோ அளவில். இரண்டு படல்கள் சேர்ந்தால் ஒரு கிலோவாற்றுக்குச் சற்று மிகும். நடைவழியையும் சேர்த்து ஒரு கிலோவாற்றுக்கு 75 சதுர அடி வேண்டுமெனக் கொள்ளலாம். கொழும்பு பூமத்திய ரேகைக்கு அணித்தாய், ஏறத்தாழ 7 பாகை வடக்கே உள்ளது. ஆதலாற் படல்களை மிகச் சாய்க்க வேண்டியதில்லை. மழைநீர் வழிந்து தூசி கழுவப்படும் அளவுக்குப் பத்துப் பாகைச் சாய்வு போதும். ஒரு வரிசையின் நிழல் மறு வரிசையின்மேல் விழுமென்று பெரிய இடைவெளி விடவேண்டிய துன்பம் வடநாடுகளுக்கு உண்டு, நமக்கில்லை. இது இயற்கை நமக்குத் தந்த சலுகை.

நாம் வாழும் கட்டிடத்தில் வீடுகள் 24. மொட்டைமாடி 3,000 சதுர அடி. நீர்த்தொட்டிகளும், லிப்ற் இயந்திர அறையும், படிக்கட்டு வாயிலும், அவற்றின் நிழல் விழும் இடமும் போக எஞ்சுவது பாதியெனக் கொண்டால், 1,500 சதுர அடியில் 20 கிலோவாற்று நிறுவலாம். ஒரு கிலோவாற்று மாதமொன்றுக்கு 100 அலகுக்குக் குறையாமல் தருமாதலால், மொத்தம் 2,000 அலகு. ஒவ்வொரு வீடும் 120 அலகு பயன்படுத்துமெனின் மொத்தத் தேவை 2,880 அலகு. ஆகவே கூரை முழுக் கட்டிடத்துக்கும் போதாது. இதனை மறைத்துப் பேசுதல் நேர்மையன்று. தனி வீட்டுக்காரர் பெற்ற பெருநன்மையைத் தொடர்மாடிவாசி அப்படியே எதிர்பார்த்தல் இயலாது. ஆனால் லிப்ற், பம்பி, நடைகூட விளக்கு, வாயில் விளக்கு ஆகியவற்றுக்குரிய பொது மீற்றரின் தேவையை அக்கூரை நிறைவேற்றி, மிச்சமும் தரும். ஆதலாற் பொது மீற்றரிலிருந்தே தொடங்குக என்பது எமது துணிபு. பொதுக் கூரையின் வருவாய் பொதுச் செலவுக்கே சென்றால், யாருக்கு எத்தனை பங்கு என்னும் பிணக்கு எழாது. மாதந்தோறும் செலுத்தும் பராமரிப்புக் கட்டணம் எல்லோருக்கும் ஒருங்கே குறையும்.

இனிக் கூரையை இழந்துவிடுவோமோ என்னும் அச்சம் பெண்கள் பலருக்கு உண்டு. அது நியாயமான அச்சமே. முற்றமில்லாத வீட்டினருக்கு மொட்டைமாடியே முற்றம். அங்கேதான் துணி உலர்கின்றது. வடகமும் மிளகாயும் காய்கின்றன. தைப்பொங்கலன்று பானை ஏறுகின்றது. இதற்கு நம் ஊரிலேயே விடை உண்டு. அது பந்தல். எட்டடி உயரத்துக்கு இரும்புச் சட்டம் எழுப்பி அதன்மேற் படல்களைப் பரப்பினால், கீழே நடமாட இடம் இருக்கும்; நிழலும் இருக்கும்; வெயில் நேரே தாக்காமையால் மேல்மாடி வீட்டின் வெக்கையும் தணியும். நிறையைப் பற்றி அஞ்சவேண்டியதில்லை. ஆயிரம் லீற்றர் நீர் கொண்ட தொட்டி ஒரு சிறு இடத்திலே ஆயிரம் கிலோ பாரத்தை இறக்குகின்றது. படலோ சதுர அடிக்கு ஒரு கிலோ அளவே. அஞ்சவேண்டியது காற்றுக்கு. தென்மேற்குப் பருவக் காற்று கடலிலிருந்து நேரே மோதும் வெள்ளவத்தையிலே, பந்தலைத் தூக்கி எறியும் விசையைக் கணக்கிடாமல் எவரும் சட்டம் நாட்டலாகாது. உப்புக் காற்றிலே சாதாரண இரும்பாணி சில ஆண்டுகளில் உக்கிவிடும். ஆகவே பட்டயம் பெற்ற பொறியியலாளரின் கைச்சாத்தும், துருப்பிடியா உருக்காணிகளும் இன்றியமையாதன. நம் பழைய மாணவருட் பொறியியலாளர் எத்தனை பேர்! ஒவ்வொருவரும் ஒரு கூரையைப் பார்த்துக் கொடுத்தாற் போதாதா?

கொட்டாஞ்சேனையின் நிலை வேறு. அங்கே பழைய வீடுகள் ஓட்டுக் கூரையும் கல்நார்த் தகட்டுக் கூரையும் உடையன; மரங்கள் பழையன; அருகே எழும் புதிய கோபுரங்களின் நிழலோ நீண்டது. ஒரே தொடரில் இணைத்த படல்களுள் ஒன்றின்மேல் நிழல் விழினும் தொடர் முழுவதன் ஆற்றலும் குன்றும். கல்நார்த் தகட்டைத் துளைத்தல் நுரையீரலுக்குத் தீங்கானது. இத்தகைய வீடுகளின்மேற் படலை ஏற்றச் சொல்வது நல்லறிவாகாது. அவ்வீட்டினர் வேறோர் இடத்துக் கூரையிற் பங்கு பெறுவதே தக்க வழி. அயலிலுள்ள பாடசாலை, மண்டபம், பண்டகசாலை ஆகியவற்றின் அகன்ற கூரையில் விளையும் மின்சாரத்தைப் பலர் தம் கட்டணத்திற் பங்கிட்டுக் கழித்துக்கொள்ளும் முறையைத் தில்லி மாநகரம் 2019ஆம் ஆண்டிலேயே வகுத்தது. அத்தகைய பங்கு முறையை இங்கும் பரவலாக்குமாறு கோருவது, கூரையற்ற மக்களின் சார்பில் நாம் எழுப்பவேண்டிய முதற் குரல்.

அடுத்து மின்கலத்துக்கு இடம். இதிலே தெளிவின்மையாற் பலர் வீண் அச்சமும், சிலர் வீண் துணிச்சலும் கொள்கின்றனர். நமது கட்டிடத்தின் கணக்கையே மீண்டும் எடுப்போம். பம்பியை நண்பகலில் ஓட்டிவிட்டால், மேலேயுள்ள நீர்த்தொட்டியே ஒரு சேமிப்பாகிவிடுகின்றது. அதற்கு மின்கலமே வேண்டியதில்லை. காலங்காலமாக இரவில் ஓடும் பம்பியின் நேரத்தை மாற்றுவதற்குக் காசு செலவில்லை. எஞ்சுவது இரவில் லிப்ற்றுக்கும் விளக்குகளுக்கும் வேண்டிய 15 அல்லது 20 அலகு. இலிதியம் இரும்புப் பொசுபேற்று வகை மின்கலப் பெட்டியொன்று 5 அலகு கொள்ளும். நிறை 50 கிலோ அளவில். அத்தகைய நான்கு பெட்டிகள் ஓர் அலுமாரியின் இடத்துள் அடங்கும். லிப்ற் புறப்படும் கணத்திலே இழுக்கும் மிகை மின்னோட்டத்தைத் தாங்கவல்ல நேர்மாற்றியும் உடன் வேண்டும். பழைய ஈய அமில மின்கலங்களோ இதைவிடப் பன்மடங்கு பாரமும் இடமும் கேட்பன. முழுவதும் வடியவிட்டால் விரைவிற் கெடுவன.

எங்கே வைப்பது? மொட்டைமாடியின் கொடு வெயிலில் வைத்தால் வெப்பத்தால் ஆயுள் குன்றும். நிலவறையில் வைத்தால், கால்வாய் பெருகி வெள்ளம் புகுங்காலத்திற் கேடு விளையும். படிக்கட்டின்கீழ் வைப்பது பெருந்தவறு. தீப்பற்றின் மக்கள் தப்பும் வழியே அடைபடும். 2025ஆம் ஆண்டு சனவரியிலே கலிபோர்னியாவின் மொஸ் லாண்டிங் என்னுமிடத்தில், ஒரு பழைய மின்நிலையக் கட்டிடத்துள் நெருக்கி அடுக்கப்பட்ட பெரும் மின்கலத் தொகுதி தீப்பற்றி, அயலார் வீடு விட்டு வெளியேற நேர்ந்தது. அங்கிருந்தவை வேறு வகை இலிதியக் கலங்கள். அளவும் நம்முடையதினும் பல்லாயிரம் மடங்கு பெரிது. ஆயினும் பாடம் ஒன்றே: நெருக்கி அடைக்கற்க, காற்றோட்டம் விடுக, தீயணைப்போர் அணுக வழி விடுக. நிலமட்டத்துக்கு மேலாக உயர்த்திய மேடையில், நிழலும் காற்றும் உடையதாய், வீடுகளிலிருந்து தீத்தாங்கும் சுவராற் பிரிக்கப்பட்டதாய் ஓர் அறை வேண்டும். அத்தகைய அறை பெரும்பாலான தொடர்மாடிகளில் ஏற்கெனவே உண்டு. மின்பிறப்பாக்கி நிற்கும் அறையே அது. அதன் அருகே ஓர் அலுமாரிக்கு இடமில்லையென்று எவரும் கூற முடியாது.

ஆகவே இடமில்லை என்பது உண்மைக் காரணமன்று. உண்மைக் காரணம் எது? 2023ஆம் ஆண்டிலே நமது கட்டிடத்தில் இதன்பொருட்டுக் கூட்டம் கூட்டப்பட்டது. 24 வீட்டினருள் வந்தவர் ஒன்பதின்மர். மேல்மாடியில் வாழும் ஒருவர் கூரை தமக்குரியதென வாதித்தார். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் உடைமையாளர் எழுவரிடமிருந்து மறுமொழியே வரவில்லை. இன்னொருவர், “மின்வெட்டுத்தான் நின்றுவிட்டதே, இனி எதற்கு?” என்றார். விடயம் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. அந்த அடுத்த கூட்டம் இன்னும் நடைபெறவில்லை. அக்கூட்டத்திலே நாமும் இருந்தோம். வற்புறுத்திப் பேசாமல் எழுந்து வந்தோம். குற்றத்தில் எமக்கும் பங்குண்டு.

சட்டம் இதில் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி உடைமைச் சட்டத்தின்படி பதிவு செய்யப்பட்ட கட்டிடத்திலே, தனி அலகாகக் காட்டப்படாத பகுதிகள் பொதுக்கூறுகள்; அவை எல்லா உடைமையாளருக்கும் பொதுவானவை; அவற்றைப் பேணுவது உடைமையாளர் அனைவரும் சேர்ந்த முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தின் கடமை. கூட்டாதன முகாமைத்துவ அதிகாரசபை இதற்கென்றே உள்ளது. தம் கட்டிடத்தின் பதிவும் வரைபடமும் எந்நிலையில் உள்ளன என்பதை அறியாமல் இலட்சக்கணக்கில் விலைகொடுத்து வாங்கியோர் நம்மிடையே பலர். கூரையைப் பற்றிய பேச்சு, அந்த உறங்கும் ஏடுகளையும் விழிக்கச் செய்யும்.

பிறநாடுகள் இப்பிணக்கை எங்ஙனம் தீர்த்தன? நிலத்தாற் குறுகிய சிங்கப்பூர், 2014ஆம் ஆண்டு தொடங்கிய திட்டத்தின்கீழ், வீடமைப்புச் சபையின் தொடர்மாடிக் கூரைகளை ஒருங்கு சேர்த்துப் படல்களை நிறுவியது. அம்மின்சாரம் முதலிற் செல்வது லிப்ற், நடைகூட விளக்கு, நீரேற்றும் பம்பி ஆகிய பொதுத் தேவைகளுக்கே. மிச்சமே பொதுக் கம்பிக்கு. ஜேர்மனியில், பலகணியிலே தொங்கும் சிறு சூரியப் படல்களை ஒரு தொடர்மாடிவாசி நிறுவ விரும்பினால், வீட்டுச் சொந்தக்காரரோ ஏனைய உடைமையாளரோ தக்க காரணமின்றி மறுத்தலாகாதென 2024ஆம் ஆண்டிற் சட்டம் செய்தனர். சிங்கப்பூரை எந்நாளும் மேடைகளிற் புகழும் நாம், அதன் உயர்ந்த கோபுரங்களை மாத்திரம் பாராமல் அவற்றின் உச்சியையும் பார்த்தல் நன்று.

நம் கோயில்களையும் இங்கு நினைவுகூர்தல் வேண்டும். 25 மாவட்டங்களிலுமுள்ள 5,000 வழிபாட்டிடங்களுக்குக் கூரைமேற் சூரியத் தொகுதிகள் வழங்கும் இந்திய உதவித் திட்டம் 2025ஆம் ஆண்டு ஏப்பிரல் 5ஆந் திகதி தொடக்கி வைக்கப்பட்டது. மொத்த ஆற்றல் 25 மெகாவாற்று. கொச்சிக்கடையிலே பொன்னம்பலம் இராமநாதன் அவர்கள் கருங்கல்லால் எழுப்பிய பொன்னம்பலவாணேசுவரர் ஆலயம் போன்ற திருப்பணிகளின் விமானத்தின்மேலோ மூலத்தானத்தின்மேலோ எதனையும் ஏற்றுதல் ஆகமத்துக்கும் அழகுக்கும் ஒவ்வாது. அதை எவரும் கேட்கவில்லை. கோயில்களுக்குரிய கலியாண மண்டபம், அன்னதான மண்டபம், களஞ்சியம், வாகனசாலை ஆகியவற்றின் கூரைகள் வெறுமையாகவே கிடக்கின்றன. அன்னதானத்துக்கு அள்ளிக் கொடுக்கும் அடியார்கள், திருவிழாவில் விளக்கெரிக்கும் டீசல் மின்பிறப்பாக்கியின் இரைச்சலை அகற்றவும் கொடுப்பர்.

இறுதியாக நமது கல்லூரி. சூரிய மின்சாரத்துக்குப் பாடசாலையைப் போலப் பொருத்தமான கட்டிடம் பிறிதில்லை. வெயில் எழும்போது வகுப்புத் தொடங்குகின்றது. அது சாயும்போது முடிகின்றது. விசிறியும் விளக்கும் கணினிக் கூடமும் ஆய்வுகூடமும் இயங்குவது ஒளி மிகுந்த வேளையிலேயே. ஆனால் சனி, ஞாயிறு, தவணை விடுமுறை என ஆண்டிற் பல நாட்கள் பாடசாலை மூடப்பட்டிருக்கும். நாட்டின் தேவை குறைந்திருக்கும் அந்நாட்களிலேயே கல்லூரிக் கூரையும் மிகையைத் தள்ளினால், முன்னர் கூறிய ஞாயிற்றுக்கிழமைத் துன்பத்துக்கு நாமும் துணைபோனவர் ஆவோம். ஆகவே மின்கலமின்றிப் படல் மாத்திரம் நிறுவுதல் இனிப் பொருந்தாது. பகலில் தரும் மின்சாரத்துக்கான விலையைக் குறைத்து, மாலை உச்ச வேளையில் மின்கலத்திலிருந்து தருவதற்கு உயர்ந்த விலையை 2025ஆம் ஆண்டிலே வகுத்தபோது, அரசும் இதனையே சொல்லாமற் சொல்லிற்று.

விழாவின் நினைவாக வளைவு கட்டுவதா, சிலை நிறுவுவதா, வாயிலுக்குப் புதிய இரும்புக் கதவு இடுவதா என்று ஆலோசனைகள் எழுவது இயல்பு. அவற்றை விரும்புவோரின் அன்பை நாம் ஐயுறவில்லை. எனினும், சிலை ஆண்டுதோறும் வர்ணப்பூச்சுக் கேட்கும். கூரைமேற் பந்தலோ ஆண்டுதோறும் ஆய்வுகூடத்துக்கு வருவாய் தரும். உயர்தர வகுப்பிற் பௌதிகம் கற்கும் மாணவன் ஒருவன், ஒளி மின்னாவதையும், நேரோட்டம் ஆடலோட்டமாவதையும், மின்கலம் நிறைந்து வடிவதையும் தன் கல்லூரியின் அளவுமானியிலேயே நாள்தோறும் வாசிக்கக்கூடுமாயின், அது எத்தகைய நூலகத்துக்கும் நிகரன்றோ?

இதன் பயன் கொழும்போடு நின்றுவிடாது. வெள்ளவத்தையில் வாழ்வோருட் பலருக்கு வேர் தீவுப்பகுதியில் உண்டு. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்குமாக 530 கிலோவாற்றுக் காற்று, 1,700 கிலோவாற்றுச் சூரியன், 2,400 அலகு மின்கலம், துணைக்கு 2,500 கிலோவாற்று டீசல் எனக் கலப்பு முறைக்கான ஒப்பந்தம் 2024ஆம் ஆண்டு மார்ச்சு முதலாந் திகதி கைச்சாத்தானது. கடல் சூழ்ந்த நெடுந்தீவுக்கே பகலைச் சேமித்து இரவுக்கு வைக்கும் ஏற்பாடு வகுக்கப்படுகையில், தலைநகரில் வாழும் அத்தீவின் மக்கள் தம் லிப்ற்றுக்கு டீசல் தேடி வரிசையில் நின்றது நகைப்புக்கிடமானதன்றோ?

செலவில்லையென்று நாம் கூறவில்லை. மின்கலம் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் மூப்படையும். அதனை மாற்றுதற்கு இன்றே ஒரு நிதி ஒதுக்குதல் வேண்டும். மூத்த மின்கலத்தைக் குப்பையில் எறியாமல், விற்றவரே மீளப் பெறும்படி ஒப்பந்தத்தில் எழுதுதல் வேண்டும். மூன்று விலைமனுக்களேனும் பெறாமல் எவருக்கும் வேலையைக் கொடுத்தலாகாது. இவை எல்லாம் குழுக்கள் வழக்கமாகச் செய்யும் வேலைகளே, செய்தற்கரியன அல்ல.

வரும் தைப்பொங்கலன்று நாம் யாவரும் மொட்டைமாடிக்கு ஏறுவோம். கோலமிட்டுப் பானை வைத்து, எழும் ஞாயிற்றை நோக்கிக் கைகூப்புவோம். அன்று அங்கு கூடும் அயலவர் தொகை, எந்த முகாமைக் கூட்டத்துக்கும் வராத தொகை. பொங்கல் பொங்கி இறக்கியபின், பாய் விரித்து அங்கேயே அமர்ந்து, ஒத்திவைத்த அந்தக் கூட்டத்தைக் கூட்டுவோம். அளவுநாடா ஒன்றும் கொண்டு செல்வோம். ஐந்தாம் மாடியில் இன்னும் எத்தனையோ ஆசிரியர்கள் வாழ்கின்றனர்.